வலே பள்ளத்தாக்கின் ஒயினில் மண்ணுக்கு எவ்வளவு பங்கு?

கேள்வி இது: சுவிட்சர்லாந்தின் வலே மாநிலத்திலிருந்து இரண்டு வெள்ளை ஒயின்கள். இரண்டும் பெட்டிட் ஆர்வின் என்ற ஒரே திராட்சை ரகம், ஒரே ஆண்டு அறுவடை. ஒன்று ஃபுயி என்ற ஊர், மற்றது ஷமோசோன். இடையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனாலும் ஒன்று வெடுக்கென்று, வாயில் உப்புக் கரிப்பது போல முடிகிறது. மற்றது கொஞ்சம் சதைப்பற்றோடு உருண்டையாக இருக்கிறது. மண்ணின் சுவை ஒயினில் இறங்கும் என்கிறார்களே, அதுதானா காரணம்?

பாதி ஆம், பாதி இல்லை. பாறையின் சுவை வேர் வழியாக ஏறி கிளாஸுக்கு வந்துவிடுவதில்லை. ஆனால் கொடிக்கு எப்போது, எவ்வளவு தண்ணீர் கிடைக்கும் என்பதை மண்தான் தீர்மானிக்கிறது. வலே போன்ற வறண்ட மலைப்பள்ளத்தாக்கில் அந்த ஒரு விஷயமே ஒயினை வெகுதூரம் மாற்றிவிடும். அதனால் மண்ணைப் பற்றிப் பேசுமுன் அங்கே தண்ணீர் ஏன் இவ்வளவு அரிது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

ரோன் நதி ஒரு பனியாற்றின் அடியிலிருந்து கிளம்பி, வலே முழுக்க ஏறத்தாழ கிழக்கிலிருந்து மேற்காக ஓடுகிறது. மார்ட்டின்யி என்ற ஊரில் மட்டும் முழங்கை மடக்கியது போல வடக்கே திரும்பி ஜெனீவா ஏரிக்குப் போகிறது. வடக்கே பெர்ன் ஆல்ப்ஸ், தெற்கே பென்னைன் ஆல்ப்ஸ். இரண்டு பக்கமும் 4,000 மீட்டரைத் தாண்டும் சிகரங்கள். மேற்கிலிருந்து வரும் மழை மேகமும் சரி, தெற்கிலிருந்து வருவதும் சரி, மலைக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துவிடும். மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் பின்னால் கோயம்புத்தூர் எப்படியோ அப்படித்தான் இதுவும். வலேயின் தலைநகர் சியோனில் ஆண்டு மழை சுமார் 600 மி.மீ.; அதே நாட்டின் சூரிச்சில் 1,000 மி.மீ.க்கு மேல். சுவிட்சர்லாந்து என்றதும் பச்சைப் புல்வெளியும் பசுமாடும் நினைவுக்கு வருபவர்கள் சியோனைச் சுற்றியுள்ள குன்றுகளைப் பார்த்தால் திகைப்பார்கள். அங்கே சப்பாத்திக்கள்ளி தானாக முளைத்துக் கிடக்கிறது.

இந்த வறட்சியால் ஒரு பெரிய லாபம் உண்டு. பூஞ்சை நோய்களில் பல, இலை ஈரமாக இருந்தால்தான் பரவும். வெயில் நாட்களில் மதியத்துக்கு மேல் ஜெனீவா ஏரிப் பக்கமிருந்து பள்ளத்தாக்கில் ஏறி வரும் காற்று இலைகளைக் காய வைத்துவிடும். அதனால் மருந்தடிப்புச் செலவும் கவலையும் மற்ற இடங்களை விடக் குறைவு. எப்போதும் அப்படி என்று சொல்ல முடியாது. 2021இல் விடாத மழையில் பூஞ்சை வந்து சுவிட்சர்லாந்து முழுவதும் விளைச்சல் விழுந்தது, வலேயும் தப்பவில்லை.

நதி கிழக்கு மேற்காக ஓடுவதால், அதன் வலக்கரை முழுக்கத் தெற்கு பார்த்த சரிவு. வலேயின் ஏறத்தாழ 4,800 ஹெக்டேர் திராட்சையில் பெரும்பகுதி அந்தக் கரையில்தான் இருக்கிறது. (சுவிட்சர்லாந்தின் மொத்தத் திராட்சைப் பரப்பில் இது மூன்றில் ஒரு பங்கு.) இடக்கரையில் காடு, புல்வெளி, ஆப்ரிகாட் தோப்புகள். இதைக் கணக்காகவே பார்க்கலாம். வலே இருப்பது வடக்கு அட்சம் 46 பாகையில். செப்டம்பர் கடைசியில், திராட்சை பழுக்கும் நேரத்தில், நண்பகல் சூரியன் தொடுவானிலிருந்து 44 பாகை உயரத்தில்தான் நிற்கும். சமதளத்தில் அந்த வெயில் சாய்வாகப் பரவிப் போகும். 30 பாகை சாய்ந்த, தெற்கு பார்த்த சரிவில் அதே வெயில் கிட்டத்தட்ட நேராக விழும்; ஒரு சதுர மீட்டருக்குக் கிடைப்பது ஏறக்குறைய 40 சதவீதம் அதிகம். மலையடிவாரத்தில் பழுக்கவே பழுக்காத ரகம் மலைச்சரிவில் பழுத்துவிடுவதன் ரகசியம் இவ்வளவுதான்.

அந்தச் சரிவில் மண் நிற்காதே? நிற்காது. அதனால்தான் சாந்து எதுவும் வைக்காமல் கல்லின் மேல் கல்லை அடுக்கிச் சுவர் எழுப்பி, படிப்படியாகத் தோட்டம் போட்டிருக்கிறார்கள். சியோனுக்கும் சென்-லெயோனாருக்கும் இடையில் சில சுவர்கள் 20 மீட்டர் அளவுக்கு உயரம். அத்தனை உழைப்பும் ஒரு சுவருக்குப் பின்னால் நாலு வரிசைக் கொடி நடுவதற்காக. கல் பகலில் சூடேறி இரவில் அந்தச் சூட்டை மெல்ல விடும். சாந்து இல்லாததால் இடுக்கு வழியாக மழைநீர் வழிந்துவிடும், சுவர் முட்டிச் சாயாது. மழையில் கீழே அடித்து வந்த மண்ணை வசந்த காலத்தில் மறுபடி மேலே சுமந்து கொண்டுபோய்க் கொட்டுவது ஒரு காலத்தில் வருடாந்திர வேலை. ஆகவே இங்கே "இயற்கையான மண்" என்று யாராவது சொன்னால் நான் கொஞ்சம் யோசிப்பேன். அந்த மண்ணில் பாதி முதுகில் ஏறி வந்தது.

அடுத்து காற்று. பள்ளிப் புவியியலில் படித்த ஃபான் காற்றுதான். தெற்கிலிருந்து ஆல்ப்ஸைத் தாண்டி இறங்கும்போது அழுத்தப்பட்டுச் சூடாகி, காய்ந்த காற்றாக வந்து சேரும். இலையுதிர் காலத்தில் இது ஒரு வரம். அக்டோபர் கடைசி வரை பழத்தைக் கொடியிலேயே விடலாம், அழுகாது. பெட்டிட் ஆர்வின் தாமதமாகப் பழுக்கும் ரகம். இந்தக் காற்றும் இந்த வெயிலும் இல்லாத ஊரில் அதை நட யாரும் துணியமாட்டார்கள். சிலர் நவம்பர் தாண்டியும் பழத்தை விட்டு, அது சுருங்கிச் சர்க்கரை திரண்ட பிறகு பறித்து இனிப்பு ஒயின் செய்கிறார்கள்.

இரவில் நிலைமை வேறு. சூரியன் மறைந்ததும் மேலே பனிமலையில் குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவு வழியாக இறங்கும். பகலில் 30 டிகிரி தொட்ட ஊரில் விடியற்காலை சட்டென்று குளிரும். திராட்சையின் புளிப்புக்கு இரண்டு அமிலங்கள் முக்கியம்: டார்டாரிக், மாலிக். இதில் மாலிக் அமிலத்தைக் காய் தன் சுவாசத்துக்கே எரித்துவிடும். சூடு கூடக்கூட வேகமாக எரிக்கும். இரவு குளிர்ந்தால் அந்த எரிப்பு மட்டுப்படும். பகல் வெயிலில் சர்க்கரையும் ஏற, இரவுக் குளிரில் புளிப்பும் மிச்சமாக, இரண்டும் சேர்ந்து நிற்கும். மலை ஒயின்களில் ஆல்கஹால் 13, 14 சதவீதம் இருந்தும் வாய் கூசும் அளவுக்குப் புளிப்பு இருப்பது இதனால்தான். அப்புறம் பாதாள அறையில் ஒரு முடிவு எடுக்கிறார்கள். பாக்டீரியாவை வைத்து மாலிக்கை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றலாம், மாற்றாமலும் விடலாம். ஷாஸ்லா என்ற வெள்ளைத் திராட்சையில் செய்யும் ஃபாந்தான் ஒயினுக்குப் பெரும்பாலும் மாற்றுவார்கள். பெட்டிட் ஆர்வினில் பெரும்பாலும் மாற்றாமல் புளிப்பைக் காப்பாற்றுவார்கள். உங்கள் இரண்டு பாட்டிலில் ஒன்றில் மாற்றி, மற்றதில் மாற்றாமல் விட்டிருந்தாலே நீங்கள் சொன்ன வித்தியாசத்தில் பாதி வந்துவிடும். மண்ணைக் குற்றம் சொல்லுமுன் தயாரிப்பாளரைக் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது.

இதே காற்று வசந்தத்தில் எமன். ஃபான் அடித்து மார்ச் மாதமே சூடாகிவிட்டால் மொட்டு அவசரப்பட்டுத் துளிர்க்கும். ஏப்ரலில் ஒரு தெளிந்த இரவு உறைபனி வந்து எல்லாத் துளிரையும் கருக்கிவிடும். 2017 ஏப்ரலில் அப்படித்தான் ஆனது. குளிர் காற்று கனமானதால் பள்ளத்தாக்கின் தரையில் போய்த் தேங்கும். தரைத் தோட்டங்களுக்கு அடி அதிகம், சரிவின் நடுப்பகுதி தப்பும். தரையில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? இரவு முழுக்கக் கொடியின் மேல் தண்ணீர் தெளிப்பார்கள். தண்ணீர் உறையும்போது வெப்பத்தை வெளிவிடும். பனிக்கட்டிக்குள் மாட்டிய துளிர் பூஜ்யம் டிகிரிக்கு அருகிலேயே இருந்து பிழைத்துக்கொள்ளும். பாதியில் நிறுத்தினால் நிலைமை இன்னும் மோசம். அதனால் விடிந்து வெயில் ஏறும் வரை மோட்டார் ஓட வேண்டும்.

சரி, மண்ணுக்கு வருவோம். உங்கள் இரண்டு ஊர்களும் மண் விஷயத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை.

ஃபுயியின் மேலே நிற்பது நைஸ், கிரானைட் போன்ற பழைய படிகப் பாறை. அது உடைந்து வந்த மண் மணலும் சரளையுமாக, சுண்ணாம்பு மிகக் குறைவாக இருக்கும். அதோடு பனியாறுகள் பின்வாங்கிய காலத்தில் காற்று வாரிக் கொண்டுவந்த நுண்ணிய தூசி மண் ஆங்காங்கே படிந்திருக்கிறது. ஒரு கைப்பிடி அள்ளினால் விரலிடுக்கில் நழுவிவிடும், உருண்டை பிடிக்க வராது. தண்ணீரும் அப்படித்தான் நழுவும். தூசி மண் படிந்த இடங்களில் மட்டும் கொஞ்சம் ஈரம் தங்கும். சரிவும் செங்குத்து. கோம்ப் தான்ஃபேர் என்ற அரைவட்டச் சரிவில் ஆகஸ்ட் மதியத்தில் நிற்கவே முடியாது.

ஷமோசோன் கதை வேறு. அதன் தலைக்கு மேல் ஓ-த-க்ரீ என்ற சுண்ணாம்புக்கல் மலை. அங்கிருந்து லோசாந்த்ஸ் என்ற ஓடை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கல்லும் சேறும் உருட்டிக் கொண்டுவந்து கொட்டி, பெரிய விசிறி போலப் பரப்பியிருக்கிறது. ஊரும் தோட்டமும் அந்த விசிறியின் மேலேதான். அந்த வேலையை ஓடை இன்னும் முடிக்கவில்லை: 2019 ஆகஸ்டில் ஒரு புயல் மழையில் சேறு பொங்கி வந்து காரோடு இரண்டு பேரை அடித்துக்கொண்டு போனது. இந்த விசிறி மண்ணில் மேலே பார்த்தால் வெறும் கூழாங்கல். ஆனால் ஆழம் அதிகம், கல்லுக்கு இடையில் நுண்மண் இருக்கும், வேர் கீழே போய்த் தண்ணீர் தேட இடம் உண்டு. சரிவும் மென்மை. கொடி ஃபுயியைப் போலத் திடீரென்று தாகத்தில் மாட்டாது. பழம் நிதானமாக, சீராக முதிரும். நீங்கள் "சதைப்பற்று" என்றது இந்த நிதானம்தான் என்பது என் கணிப்பு.

இரண்டுக்கும் கொஞ்சம் தள்ளி வேட்ரோ. அங்கே கருப்பு நிறப் பலகைப் பாறை. கொடியின் காலடியில் சிலேட்டுத் துண்டுகள் குவிந்து கிடக்கும், மிதித்தால் சலசலக்கும், வெயிலில் கை வைக்க முடியாது. உலகத்தில் மொத்தமே நாற்பது ஹெக்டேர் அளவுக்குத்தான் இருக்கிற அமீஞ் என்ற ரகத்தில் பெரும்பகுதி இந்த ஒரே ஊரில் இருக்கிறது. கிழக்கே போனால் சால்கெஷ்; சுண்ணாம்பு மண், பினோ நுவார் என்ற சிவப்பு ஒயின் ரகம். எந்த ரகம் எந்த மண்ணில் என்பதை அங்கே யாரும் ஒரே நாளில் முடிவு செய்யவில்லை. சுண்ணாம்பு அதிகமானால் கொடிக்கு இரும்புச் சத்து எட்டாமல் இலை மஞ்சளாகும், தாங்காதது போய்விடும், தாங்கியது நின்றுவிடும். இப்படிக் கழித்துக் கழித்து மிஞ்சியதுதான் இன்றைய வரைபடம்.

அந்த உப்புக் கரிப்பு? ஃபுயியின் பாறையில் உப்பு எதுவும் இல்லை. அதைவிட நல்ல சான்று, பெட்டிட் ஆர்வினை சியேர் ஊரின் சுண்ணாம்பு மண்ணில் நட்டாலும், மலைக்கு அந்தப் பக்கம் இத்தாலியின் அவோஸ்தாவில் நட்டாலும் அந்த முடிவு வாயில் வருகிறது. அது ரகத்தின் குணம். மண்ணும் தண்ணீரும் அதைக் கூட்டலாம், அமுக்கலாம், உண்டாக்குவதில்லை. கொடி மண்ணிலிருந்து எடுப்பது தண்ணீரில் கரைந்த பொட்டாசியம், நைட்ரஜன் மாதிரியான சத்துகளை. பாறைக்கென்று ஒரு சுவையோ மணமோ கிடையாது, இருந்தாலும் அது அப்படியே ஏறி வர வழியில்லை என்று அலெக்ஸ் மால்ட்மன் என்ற பிரிட்டிஷ் புவியியலாளர் பல வருடமாகச் சொல்லி வருகிறார். எனக்கு அவர் பக்கம்தான் நியாயமாகப் படுகிறது. போதாக்குறைக்கு, ஐரோப்பாவில் இன்று பெரும்பாலான கொடிகள் வேரைத் தாக்கும் ஃபிலோக்செரா பூச்சிக்குப் பயந்து அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டியவை. மண்ணைத் தொடுகிற வேரே வேறு இனம்! "கல்லின் சுவை" என்று லேபிளில் எழுதுவது விற்பனைக்கு நல்லது, அவ்வளவுதான்.

தண்ணீர் எவ்வளவு மாற்றும் என்பதற்கு மட்டும் கையில் ஆதாரம் உண்டு. சுவிஸ் அரசின் வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான ஆக்ரோஸ்கோப், ஷமோசோனுக்குப் பக்கத்து ஊரான லேட்ரோனில் சோதனைத் தோட்டம் வைத்து, சில வரிசைகளுக்கு நீர் விட்டும் சிலவற்றைக் காயப்போட்டும் ஒயின் செய்து சுவைத்துப் பார்த்தது. பினோ நுவாருக்கு மிதமான தாகம் நல்லதே செய்தது. நிறமும் கனமும் கூடின. ஷாஸ்லாவுக்கும் ஆர்வினுக்கும் நேர்மாறு. தாகம் கூடினால் மண்ணிலிருந்து நைட்ரஜன் ஏறுவதும் குறையும். சாற்றில் நைட்ரஜன் குறைந்தால் ஈஸ்ட் தடுமாறும். மணம் மங்கி ஒரு கசப்பு வந்து உட்காரும். பெட்டிட் ஆர்வினின் பம்ப்ளிமாஸ் போன்ற மணத்துக்குக் காரணமான மூலப்பொருள்களும் குறையும். "கொடி கஷ்டப்பட்டால்தான் நல்ல ஒயின்" என்று எல்லாரும் கிளிப்பிள்ளை மாதிரிச் சொல்வார்கள். சிவப்புக்கு ஓரளவு சரி. வெள்ளைக்கு அது வெறும் பேச்சு.

இந்தப் பரிசோதனைக்கு அறுநூறு வருடம் முன்பே வலே விவசாயிகளுக்கு விடை தெரிந்திருந்தது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அங்கே பிஸ் என்று சொல்லும் வாய்க்கால்கள் உண்டு. பனியாற்று ஓடைகளிலிருந்து தண்ணீரைத் திருப்பி, மலைப் பக்கவாட்டிலேயே பல கிலோமீட்டர் ஓடவிட்டுச் சரிவுகளுக்குக் கொண்டுவருவார்கள். குறுக்கே செங்குத்துப் பாறை வந்தால் பாறையில் துளையிட்டு மரக்கட்டை செருகி, அதன் மேல் மரத்தொட்டி வைத்து ஓட்டுவார்கள். பெரும்பாலானவை 14, 15ஆம் நூற்றாண்டில் வெட்டியவை. 1453இல் வந்த கிளாவோ வாய்க்கால் இன்றைக்கும் சியோன், சென்-லெயோனார் திராட்சைக்குத் தண்ணீர் தருகிறது. ஊர்ச் சங்கம் ஒன்று பராமரிக்கும். தண்ணீர் முறை வைத்துப் பிரியும். ஆளில்லாத மலையில் வாய்க்கால் அடைத்துக்கொண்டால் எப்படித் தெரியும்? ஓடும் தண்ணீரில் ஒரு சிறு சக்கரம், அது சுற்றச் சுற்ற ஒரு மரச் சுத்தியல் பலகையில் டக் டக் என்று அடிக்கும். சத்தம் கேட்கும் வரை காவலாளி தூங்கலாம். நின்றால் எழுந்து ஓட வேண்டும்.

இந்த ஏற்பாட்டின் அழகு என்னவென்றால், வெயில் எவ்வளவு காய்கிறதோ அவ்வளவு பனியாறு உருகும். கொடிக்குத் தாகம் உச்சத்தில் இருக்கும் ஜூலை, ஆகஸ்டில்தான் வாய்க்காலிலும் நீர் உச்சத்தில் இருக்கும். மழையை நம்பும் ஊர்களுக்கு இந்த வசதி கிடையாது. ஆனால் 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிஸ் பனியாறுகள் தங்கள் கன அளவில் சுமார் 10 சதவீதத்தை இழந்துவிட்டன. இப்போதைக்கு உருகும் தண்ணீர் தாராளம். பனி சுருங்கச் சுருங்க இந்தக் கணக்கு கவிழும்.

வெப்பம் கூடுவதை உயரத்தால் ஈடுகட்டலாம் என்ற யோசனை எல்லா மலை நாட்டிலும் ஓடுகிறது. நூறு மீட்டர் ஏறினால் 0.6 டிகிரி அளவுக்குக் குளிரும். ஃபிஸ்பர்டெர்மினன் என்ற ஊரில் 650 மீட்டரிலிருந்து 1,150 மீட்டர் வரை ஹைடா என்ற வெள்ளை ரகம் ஏறிப் போகிறது. அடிக்கும் முடிக்கும் மூன்று டிகிரி வித்தியாசம். ஐரோப்பாவின் மிக உயரமான திராட்சைத் தோட்டம் என்று விளம்பரப் பலகை சொல்லும். நம்ப வேண்டாம், அவோஸ்தாவில் 1,200 மீட்டரில் கொடி இருக்கிறது, ஸ்பெயினின் டெனரீஃப் தீவில் இன்னும் மேலே. பட்டம் போனால் போகட்டும், ஒயின் நன்றாகவே இருக்கிறது. கீழே, வெக்கை தாங்காமல் பினோ நுவார் தவிக்கும் இடங்களில் சிரா நடுகிறார்கள். இதே ரோன் நதியின் கீழ்ப்பகுதியில், பிரான்ஸில், கொடிகட்டிப் பறக்கும் ரகம்தான்.

நீங்களே சோதித்துப் பார்க்க விரும்பினால் பெட்டிட் ஆர்வினை விட்டுவிட்டு ஃபாந்தானை எடுங்கள். ஷாஸ்லாவுக்குத் தனக்கென்று பெரிய மணம் கிடையாது, அதனால் இடத்தின் வித்தியாசம் மறைய வழியில்லை. ஒரே தயாரிப்பாளர், ஒரே ஆண்டு, இரண்டு வேறு ஊர் அல்லது தோட்டப் பெயர் போட்ட பாட்டில்களாகப் பாருங்கள். இல்லையென்றால் நீங்கள் ஒப்பிடுவது ஆட்களை, இடத்தை அல்ல. பத்துப் பன்னிரண்டு டிகிரியில் குடியுங்கள், ஐஸ் மாதிரி இருந்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். சுவிஸில் இருக்கும் நம்மவர்களுக்கு இது எளிது, சாதாரணக் கடையிலேயே கிடைக்கும். மற்றவர்களுக்குக் கஷ்டம்தான், சுவிஸ் ஒயினில் ஒன்றிரண்டு சதவீதம்தான் நாட்டை விட்டு வெளியே போகிறது. வேட்ரோவின் அமீஞ் கண்ணில் பட்டால் லேபிளில் தேனீப் படத்தை எண்ணிப் பாருங்கள். ஒரு தேனீ என்றால் இனிப்பில்லாதது, இரண்டு என்றால் லேசான இனிப்பு, மூன்று என்றால் நல்ல இனிப்பு. அதைக் கவனிக்காமல் வாங்கிவிட்டு இனிப்பை மண்ணின் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.